உறவில்லை என்று ஒரு பத்திரம்

அன்று ஆலங்குடா மீனவர் சங்கத்தின் மேல்மாடியில் இருந்தவர்கள் எட்டுப் பேர். அகில தீவுக் கணக்கியல் நுட்பவியலாளர் நிறுவகத்தின் பிரதம மதிப்பீட்டாளர் திரு. ஞானேந்திரன். அதே நிறுவகத்தின் தர உறுதி அலுவலர் செல்வி சுல்பா. இவர்கள் இருவரும் விதிப்படி நடக்கிறார்களா என்று பார்ப்பதற்காக அனுப்பப்பட்ட அவதானிப்பாளர் றொமேஷ். இவர் வாய் திறக்கக்கூடாது என்பதும் ஒரு விதி. சங்கத்தில் கணக்கு எழுதும் அஜித்தா, பரீட்சார்த்தி இவள்தான். அவளுடைய தாய் கத்தரினா. கத்தரினாவின் தமையனும் சங்கத்தின் தலைவருமான லோறன்ஸ். மீனுக்கு ஐஸ் கொண்டுவரும் லொறிக்காரர் ஹமீட். கொழும்பார் மூவரையும் புத்தளம் பஸ் நிலையத்திலிருந்து ஏற்றிவந்த வான்காரன் ஜூட். இவன் வாசற்படியில்தான் நின்றான், ஆனாலும் எண்ணிக்கையில் சேர்த்தி. வேறு ஒருவரும் இருக்கவில்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்லித் திரிகிறவர்கள் அன்று வேறெங்கோ இருந்தவர்கள்.

அந்த நிறுவகத்தின் பரீட்சை மூன்று கட்டமாக நடப்பது. ஒவ்வொரு கட்டத்திலும் பாடங்கள், ஒவ்வொரு பாடத்திலும் கற்றல் பேறுகள், ஒவ்வொரு பேற்றுக்கும் மதிப்பீட்டு நியதிகள், ஒவ்வொரு நியதிக்கும் ஒரு செயற்சொல். இந்தச் செயற்சொல் லேசானதல்ல. இரண்டாம் கட்டத்தில் அஜித்தா ஒருதரம் தவறியது கணக்குப் பிழைத்ததால் அல்ல. பெறுமானத் தேய்வை விபரிக்கும்படி கேட்ட இடத்தில் அவள் அதை விளக்கிவிட்டாள். விபரிப்பதற்குரிய புள்ளியை விளக்குகிறவருக்குக் கொடுத்தால் விபரிக்கிறவர்களின் கௌரவம் என்னாவது என்று நிறுவகம் கடிதம் எழுதியது. மறுவருடம் அவள் விபரித்தாள்; சித்தியடைந்தாள்.

சித்தியடைந்த பாடங்களும் நிலையானவை அல்ல. ஐஸ் பெட்டியில் வைத்த மீன் மாதிரி அவற்றுக்கு ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்துக்குள் மூன்றாம் கட்டத்தை முடிக்காவிட்டால் முதலாம் கட்டம் உட்பட எல்லாம் கெட்டுப்போகும். பரீட்சார்த்தி திரும்பவும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். அஜித்தாவின் பாடங்கள் அந்த மாதக் கடைசியில் கெட இருந்தன. மதிப்பீட்டுக் குழு அந்தக் கரைக்கு இனி அடுத்த வருடம்தான் வரும். சான்றிதழ் இல்லாதவரைச் சங்கத்தில் கணக்கு எழுத விடமுடியாது என்று சங்கங்களைப் பார்க்கும் திணைக்களமும் சொல்லியிருந்தது. ஆகவே அந்தச் சனிக்கிழமை தவறினால் அவளுக்குப் படிப்பும் இல்லை, வேலையும் இல்லை.

மூன்றாம் கட்டத்தில் எழுத்துப் பரீட்சை கிடையாது. அதற்குப் பெயர் வேலைத்தளத் திறன் மதிப்பீடு. பரீட்சார்த்தி வேலை செய்வதை ஒரு சுயாதீனச் சாட்சி கண்டிருக்க வேண்டும். சாட்சி சொல்வதை மதிப்பீட்டாளர் கேட்பார். அவர் கேட்பதைத் தர உறுதி அலுவலர் பார்ப்பார். அவர் பார்ப்பதை அவதானிப்பாளர் அவதானிப்பார். பரீட்சார்த்தி ஒரு கதிரையில் இருந்தால் போதும்.

இதையெல்லாம் அஜித்தா மாமனுக்குப் பலமுறை சொல்லியிருந்தாள். லோறன்ஸ் கேட்டும் இருந்தார். ஆனால் கொழும்பிலிருந்து முன்பின் தெரியாத மூன்று பேர் ஒரு குமர்ப் பிள்ளையைப் பார்த்து மதிப்பிட வருகிறார்கள் என்றால், அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்குப் பெரியவராக நிற்கும் மனிதன் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. தலவிலக் கோயில் திருவிழாவுக்குப் போடும் கோட்டை எடுத்துப் போட்டார். கத்தரினாவைக் கொண்டு பாரைமீன் குழம்பும் இறாலும் கணவாய்ப் பொரியலும் ஆக்குவித்தார். மேசைக்கு அவள் கையால் பின்னிய விரிப்பைப் போடுவித்தார். மூன்று செவ்விளநீர் சீவித் தயாராக இருந்தது.

“மாமா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க,” என்று அஜித்தா படியில் வைத்துச் சொன்னாள்.

“எனக்குக் கதைக்கத் தெரியும் பிள்ளை,” என்றார் லோறன்ஸ்.

திரு. ஞானேந்திரன் மேலே ஏறி வந்ததும் முதலில் கண்டது செவ்விளநீரைத்தான். பாம்பைக் கண்டவர்போல ஓரடி பின்னால் வைத்தார். இதை யார் ஏற்பாடு செய்தது என்று கேட்டார். தானே என்று லோறன்ஸ் நிமிர்ந்து சொன்னார். மதிப்பீட்டாளருக்குத் தரப்படும் எந்த அனுகூலமும் சுயாதீனத்துக்கு அச்சுறுத்தல் என்று செல்வி சுல்பா விதிக்கோவையிலிருந்து வாசித்தார். செவ்விளநீர் வெளியே போயிற்று. மேசை விரிப்பு யாருடைய கைவேலை என்று அடுத்த கேள்வி. பரீட்சார்த்தியின் தாயுடையது என்று தெரிந்ததும் அதுவும் உரியப்பட்டது. மின்விசிறி பற்றி மூவரும் சற்று நேரம் தாழ்ந்த குரலில் ஆலோசித்தார்கள். காற்று எல்லார் மேலும் ஒரேயளவில் வீசுவதால் அதை அனுகூலமாகக் கொள்ள வேண்டியதில்லை என்று பிரதம மதிப்பீட்டாளர் தீர்ப்புச் சொன்னார். அன்று நல்ல வெயில்.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி லோறன்ஸ் வாயெடுத்தபோது, தாங்கள் புத்தளத்தில் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வந்திருப்பதாக ஞானேந்திரன் சொன்னார். வீட்டுக்கு வந்தவர்கள் பார்சல் சாப்பிடுவது லோறன்ஸின் காதில் முதன்முதலாக விழுந்தது. அவர் வாயைத் திறந்தார். அஜித்தா அவரைப் பார்த்தாள். அவர் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டார்.

பிறகு மதிப்பீடு தொடங்கியது. பரீட்சார்த்தியின் மேற்பார்வையாளர் யார் என்று கேட்டார்கள். லோறன்ஸ் எழுந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காலையிலிருந்து காத்திருந்தார்.

“நான்தான். இவ எனக்கு யாரோ எவரோ இல்ல, ஐயா. என்ர கூடப்பிறந்த தங்கச்சியின்ர மகள். ஞானஸ்நானத் தொட்டியடியில இவவத் தூக்கிப் பிடிச்சதும் நான்தான். தகப்பன் கடலோட போன நாளில இருந்து என்ர கையுக்க வளர்ந்த பிள்ளை.”

செல்வி சுல்பாவின் பேனை நின்றுவிட்டது. அறை அமைதியானது. அந்த அமைதியை லோறன்ஸ் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். அதனால் மேலும் சொன்னார். சங்கத்தின் காரியதரிசி தனக்குச் சம்பந்தி. பொருளாளர் அஜித்தாவின் தகப்பனுடைய தம்பி. உபதலைவர் தன்னுடைய ஞான மகன். கணக்காய்வுக் குழுவில் இருக்கும் மூவரில் இருவர் கத்தரினாவின் மச்சாள்மாரைக் கட்டியவர்கள், மூன்றாமவரின் பிள்ளைக்குக் கத்தரினா ஞானத்தாய். அஜித்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆகச் சொல்லப்போனா, ஐயா, இந்தச் சங்கத்தில எங்களுக்குப் பிறத்தியான ஆள் ஒருத்தரும் இல்ல.”

“ஒருவருமே இல்லையா?” என்று ஞானேந்திரன் கேட்டார்.

“ஒருத்தரும் இல்ல,” என்று லோறன்ஸ் அழுத்திச் சொல்லிவிட்டு அமர்ந்தார்.

இப்படி ஒரு வரவேற்பை நிறுவகம் அதற்கு முன் எங்கும் பெற்றதில்லை. செல்வி சுல்பா ஒவ்வொரு உறவுக்கும் எதிரே அதற்குரிய அச்சுறுத்தலின் வகையை எழுதிக்கொண்டு போனார். இரத்த உறவு ஒரு வகை, கொண்டு கொடுத்தது ஒரு வகை. ஞானஸ்நானம் என்ன வகை என்று அவருக்குத் தெரியவில்லை. அதைக் கவனக்குறைவால் நேர்ந்த உறவு என்று எழுதினார். எழுதி முடிய, ஞானேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“திரு. லோறன்ஸ், உங்களுடைய சாட்சியம் செல்லாது. நீங்கள் குறிப்பிட்ட எவருடையதும் செல்லாது. பரீட்சார்த்தியை நன்றாக அறிந்தவராகவும், அவருக்கு எந்த வகையிலும் வேண்டாதவராகவும் உள்ள ஒருவர் எங்களுக்கு வேண்டும். இன்று அப்படி ஒருவர் வராவிட்டால் மதிப்பீடு ஒத்திவைக்கப்படும்.”

ஒத்திவைத்தால் என்ன ஆகும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். தன் வாயால் தன் பிள்ளையின் வழியை அடைத்துவிட்டோம் என்பது லோறன்ஸுக்கு அப்போதுதான் மெல்ல உறைத்தது. ஆனால் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லையே, பிறகெப்படிப் பிழையாகும் என்றும் அவருக்கு விளங்கவில்லை. கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. கழற்ற மனம் வரவில்லை.

கத்தரினா கீழே ஓடிப்போய், ஐஸ் இறக்கிக்கொண்டு நின்ற ஹமீட்டைக் கையோடு கூட்டிவந்தாள். ஹமீட் தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கல்பிட்டிக் கரையில் இறங்கிய குடும்பத்தவர். இரத்தத்தால் உறவில்லை, கலியாணத்தால் இல்லை, ஞானஸ்நானத்தால் இருக்கவே முடியாது. அஜித்தா வேலை செய்வதைத் தினமும் பார்க்கிறவர். குழுவின் முகத்தில் உயிர் வந்தது. ஹமீட் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் அளவாகப் பதில் சொன்னார். பிள்ளை நேர்மையானவ, கணக்கில் சுத்தம், தனக்கு அவவோடு ஐஸ் விற்பதைத் தவிர வேறு தொடர்பு இல்லை. எத்தனை வருடமாக ஐஸ் கொடுக்கிறீர்கள் என்று கடைசியாகக் கேட்டார்கள். ஆறு இருக்கும் என்றார்.

“இல்ல மாமா, ஏழு,” என்றாள் அஜித்தா.

கணக்குப் பிழைத்தால் திருத்தாமல் அவளால் இருக்க முடியாது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

“மாமா,” என்று செல்வி சுல்பா உரக்கச் சொல்லி எழுதினார்.

ஹமீட் சிரித்தார். “சேர், ஊருக்கே நான் மாமாதான். என்ட லொறிக்கு டயர் கழட்டுற பொடியனும் மாமா எண்டுதான் கூப்பிடுறான். அதுக்காக எல்லாருக்கும் நான் பொண்ணு குடுக்க ஏலுமா?”

சும்மா கூப்பிடும் உறவு என்று நிறுவகத்தின் விதிகளில் ஒன்றும் இல்லை என்று ஞானேந்திரன் சொன்னார். உள்ளத்தில் சுயாதீனமாக இருந்தால் மட்டும் போதாது, பார்வைக்கும் கேள்விக்கும் சுயாதீனமாக இருக்க வேண்டும் என்றார். ஹமீட், அப்படியென்றால் தன்னைக் கூப்பிட்டிருக்கவே வேண்டியதில்லையே என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

அப்போது ஞானேந்திரன் தன் பையைத் திறந்து ஒரு பத்திரத்தை வெளியே எடுத்து, மடிப்பை நீவி, மேசையில் வைத்தார். அதன் தலைப்பு உறவின்மைப் பிரகடனம். கீழே கையொப்பமிடும் தனக்கும் பரீட்சார்த்திக்கும் இரத்தத்தாலோ திருமணத்தாலோ வேறெந்த வகையாலோ உறவு எதுவும் இல்லை என்று அதில் அச்சடித்திருந்தது. இந்த மாதிரிச் சந்தர்ப்பத்துக்கென்றே வைத்திருப்பது என்றார். மேற்பார்வையாளர் இதில் கையொப்பமிட்டால் சற்று முன் சொன்ன எல்லாம் சொல்லப்படாதவையாகக் கருதப்படும், மதிப்பீடு தொடரும்.

“இவ என்ர தங்கச்சி மகளெண்டு இப்பதானே சொன்னன்,” என்றார் லோறன்ஸ்.

“அது உண்மை. உண்மையை நாங்கள் கேட்கவில்லை,” என்றார் ஞானேந்திரன். அவர் குரலில் இப்போது ஒரு கனிவு இருந்தது. “நீங்கள் இதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. எங்கள் நிறுவகத்தின் கணக்காய்வாளரே எங்கள் தலைவருடைய மைத்துனர்தான். ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருக்கிறார்கள். ஆனால் ஆண்டுதோறும் தவறாமல் இந்தப் பிரகடனத்தில் கையொப்பமிடுகிறார். ஒருநாளாவது எங்களுக்குச் சங்கடம் வந்ததில்லை. நானும் என் மனைவியின் தம்பியை நேர்முகப் பரீட்சையில் மதிப்பிட்டபோது இதைத்தான் செய்தேன். அவன் முதலாம் இடத்தில் வந்தான். ஒழுங்கான ஒரு பத்திரம் இருந்தால் மனிதன் எந்த உறவிலிருந்தும் நிமிர்ந்து வெளியே வரலாம்.”

பேனை நீட்டப்பட்டது.

லோறன்ஸின் கையெழுத்து கோயிலின் கலியாணப் புத்தகத்தில் பல இடங்களில் இருக்கிறது. காணி உறுதிகளில் சாட்சியாக இருக்கிறது. கடலில் போனவர்களின் மரணப் பதிவில் இருக்கிறது. கத்தரினாவின் புருஷனுடையதில், பிரேதம் இல்லாமலே எழுதப்பட்ட அந்தப் பதிவில், குடும்பத்தின் சார்பில் இருப்பதும் அவருடையதுதான். எழுதிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூசும் ஒரு கையெழுத்தை அவர் இதுவரை வைத்ததில்லை. அவர் கை முழங்காலிலிருந்து எழவில்லை.

“அண்ணன்,” என்றாள் கத்தரினா. அவள் கொழும்பாரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்: “தொட்டியடியில மெழுகுதிரி பிடிச்ச கையாம். இப்ப ஒரு பேனை பிடிக்க மாட்டுதாம்.”

ஞானேந்திரன் நேரத்தைப் பார்த்தார். செல்வி சுல்பா விதிக்கோவையை மூடத் தொடங்கினார். அஜித்தா கதிரையை விட்டெழுந்து மாமனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“மாமா, பேப்பரில இல்லையெண்டு எழுதினா நான் இல்லாமப் போயிடுவனா? வைச்சிட்டு வாங்க.”

லோறன்ஸ் பேனையை வாங்கினார். பத்திரத்தை இழுத்து முன்னால் வைத்தார். கையொப்பமிடும் கோட்டுக்கு மேல் பேனை முனையைக் கொண்டுபோனார். அங்கேயே அது நின்றது. பிறகு பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

“தலைவர் வேலையை விடச் சொல்லுங்க, இந்த நிமிசம் எழுதித் தாறன். சங்கத்துக் கட்டடத்துக்க காலடி வைக்காத எண்டு சொல்லுங்க, படியிறங்கிப் போறன். இதில வைக்க மாட்டன்.”

கத்தரினா முகத்தைப் பொத்திக்கொண்டாள். தலைவர் பதவி விலகினால் மேற்பார்வைப் பொறுப்பு உபதலைவருக்குப் போகும், அவரும் ஞான மகன், ஆகவே அதனால் பயனில்லை என்று செல்வி சுல்பா வருத்தமில்லாமல் சொன்னார். மூவரும் எழுந்தார்கள். ஜூட் வான் சாவியை எடுத்தான்.

“கொஞ்சம் நில்லுங்க,” என்றார் லோறன்ஸ். அவர் வாசலை மறித்து நின்றார் என்று சொல்ல முடியாது. ஆனால் வாசலில்தான் நின்றார். “உங்களுக்கு என்ன வேணும்? இவவுக்குச் சொந்தமில்லாத ஒரு ஆள், இவ வேலை செய்யிறதைக் கண்ணால பாக்க வேணும். அவ்வளவுதானே? இந்த ஊரில அப்பிடிப்பட்ட ஆக்கள் நீங்க மூண்டு பேர்தான். மத்தியானப் படகு வந்துகொண்டிருக்கு. கீழ வந்து பாருங்க.”

ஞானேந்திரனின் முகத்தில் அதுவரை காணாத ஒரு பயம் தெரிந்தது. “நாங்கள் மதிப்பிடுகிறவர்கள், பார்க்கிறவர்கள் அல்ல,” என்றார். “இருபது வருடமாக இந்தப் பணியில் இருக்கிறேன். ஆயிரக்கணக்கானவர்களின் திறமையை அளந்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் வேலை செய்வதையாவது நான் கண்டதில்லை. கண்டால் தீர்ப்பு கலங்கிவிடும்.”

ஆனால் செல்வி சுல்பா விதிக்கோவையை மறுபடி திறந்தார். முன்னும் பின்னும் புரட்டினார். மதிப்பீட்டாளர் பரீட்சார்த்தியின் வேலையைப் பார்க்கக்கூடாது என்று எங்கும் சொல்லியிருக்கவில்லை. அப்படி ஒரு காரியம் யாருக்கும் தோன்றியிராததால் அதைத் தடைசெய்யவும் மறந்துபோயிருந்தார்கள். அவதானிப்பாளர் றொமேஷ் எதையோ எழுதினார். அவர் எழுதுவதைக் கண்டால் ஞானேந்திரனுக்குக் கலக்கம். ஆகவே எல்லாரும் கீழே இறங்கினார்கள்.

கரையில் வெயில் மணலைப் பொரித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு பலகைகளில் கடல்மேல் ஓடினார்கள். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறின. அஜித்தா தராசடியில் நின்று ஒவ்வொரு கூடையாக நிறுத்து எழுதினாள், வாங்குகிறவர்களுக்குத் துண்டு கிழித்துக் கொடுத்தாள், கூடை நிறையைக் கழிக்கவில்லை என்று சண்டைக்கு வந்தவனுக்குக் கழித்த இடத்தைக் காட்டினாள். லோறன்ஸ் கோட்டோடு வெயிலில் நின்று அவள் விரல்களையே பார்த்தார். ஒரு எண் பிழைத்தால் முடிந்தது என்று அவருக்குத் தோன்றியது. பிழைக்கவில்லை.

கஷ்டப்பட்டவர்கள் குழுவினர்தான். ஞானேந்திரன் ஒவ்வொரு கூடைக்கும் இது எந்தக் கற்றல் பேறு என்று கேட்டார். செல்வி சுல்பா பாடத்திட்டத்தில் திருக்கையைத் தேடிக்கொண்டிருந்தார். மாதிரி விடை எங்கே என்று ஞானேந்திரன் இரண்டுதரம் கேட்டார். அன்றைய கடலுக்கு மாதிரி விடை கொழும்பிலிருந்து வந்திருக்கவில்லை. “ஐயா, தள்ளி நில்லுங்க, உங்கட காலடியிலதான் வலை இழுக்கிறம்,” என்று பொடியன்கள் அவரை அங்குமிங்கும் நகர்த்தினார்கள். இந்த நேரத்தில் காகங்கள் வானின் திறந்த ஜன்னலால் புகுந்து மூன்று சோற்றுப் பார்சலையும் வெளியே இழுத்துப் போட்டுப் பிரித்துவிட்டன. ஜூட் கல்லெறிந்தான். பிந்திவிட்டது.

படகுகள் முடிந்தபோது பிரதம மதிப்பீட்டாளருக்குத் தலை சுற்றியது. அவரை நிழலுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கிட்ட இருந்த நிழல் கத்தரினாவின் வீடு.

சோறு மேசையில் இருந்தது. சாப்பிட மாட்டோம் என்று மூவரும் சொன்னார்கள். அப்படியானால் பணம் கொடுத்துச் சாப்பிடுகிறோம் என்றார் ஞானேந்திரன், குழம்பின் மணம் பட்ட பிறகு. காசு வாங்கிச் சோறு போட இது கடையில்லை என்று கத்தரினா சொன்னாள். அப்போது கணக்கியல் துணைக்கு வந்தது. எந்தப் பொருளையும் மாதிரியெடுத்துப் பரிசோதிக்க மதிப்பீட்டாளருக்கு அதிகாரம் உண்டு என்று ஞானேந்திரன் நினைவுகூர்ந்தார். பரிசோதனை உணவாகாது. அவர் பாரைமீன் குழம்பில் ஒரு மாதிரி எடுத்தார். ஒரு மாதிரியை வைத்து முடிவுக்கு வருவது நம்பத்தக்கதல்ல என்று இன்னொன்று எடுத்தார். இறாலின் மாதிரி முழுக் கோப்பையையும் பிரதிநிதித்துவம் செய்கிறதா என்ற சந்தேகத்தில் கோப்பையை முடித்தார். செல்வி சுல்பா அவருடைய முடிவுகளைத் தனியாகச் சரிபார்த்தார். வாய் திறக்கக்கூடாத றொமேஷ் இந்த ஒரு காரியத்துக்காகத் திறந்தார்.

வீட்டுக்கு வந்தவர்கள் வயிறாரச் சாப்பிடுவதைப் பார்த்ததும் லோறன்ஸின் நெஞ்சிலிருந்த கல் சற்று இறங்கியது. எந்த விதியும் எழுதாவிட்டாலும், இனி இவர்கள் நம்மவர்கள் என்று நினைத்தார்.

“அக்கா, இன்னும் கொஞ்சம் கணவாய்,” என்றார் ஞானேந்திரன்.

றொமேஷ் இடது கையால் பேனையை எடுத்துக் குறித்தார். ஞானேந்திரன் அதைக் கண்டார். அவர் மெல்லுவது நின்றது.

நிறுவகத்தின் பிரதம மதிப்பீட்டாளர் பரீட்சார்த்தியின் தாயை அக்கா என்று விளித்திருக்கிறார். அந்தத் தாயின் வீட்டில் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். அஜித்தாவுக்கு உறவில்லாத கடைசி மூன்று பேரும் இப்போது இல்லாமற்போனார்கள். அஜித்தா சுவரில் சாய்ந்து நின்றாள். குழுவின் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இந்த அறிக்கை கொழும்புக்குப் போனால் அவளுடைய பாடங்கள் மட்டுமல்ல, அவர்களுடைய பதவிகளும் கெட்டுப்போகும். ஞானேந்திரன் இடது கையால் பையைத் திறந்தார். பத்திரங்கள் இன்னும் இருந்தன.

மூன்று பத்திரங்கள் சோற்றுக் கோப்பைகளுக்கு நடுவே விரிக்கப்பட்டன. கீழே கையொப்பமிடும் தனக்கும் பரீட்சார்த்திக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் எந்தவிதப் பழக்கமும் இல்லை என்றும், அவர்களுடைய இல்லத்துக்குத் தான் வந்ததோ உபசரிப்பு எதையும் ஏற்றதோ கிடையாது என்றும் மூவரும் எழுத வேண்டியிருந்தது. கத்தரினா கையில் கணவாய்த் தட்டோடு நின்றபடி நின்றாள்.

லோறன்ஸ் எழுந்தார். அவர் மேசையைக் கவிழ்க்கப் போகிறார் என்றே நினைத்ததாக வாசலில் நின்ற ஜூட் பிறகு சொன்னான். தன் தங்கையின் மேசையில், தன் தங்கையின் சோற்றைத் தின்றுகொண்டே, இந்த வீட்டையே தெரியாது என்று எழுதுகிறார்கள். அவருடைய தகப்பன் காலத்தில் இப்படி எழுதியவன் படியால் நடந்து இறங்கியிருக்க மாட்டான். கத்தரினா தமையனைப் பார்த்தாள். அஜித்தா பார்க்கவில்லை, அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், என்ன வந்தாலும் வரட்டும் என்பதுபோல.

லோறன்ஸ் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு மூலையிலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துவந்து ஞானேந்திரனின் முன்னால் வைத்தார்.

“கையைக் கழுவிட்டு எழுதுங்க. பேப்பரில எண்ணெய் பட்டுடும்.”

அவர்கள் கழுவிவிட்டு எழுதினார்கள். லோறன்ஸ் பின்வாசலால் வெளியே போய், அவர்கள் வானில் ஏறிப் போகும்வரை உள்ளே வரவில்லை. விருந்தினரை வழியனுப்பாமல் விட்டது அவர் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

முடிவு தபாலில் வந்தது. வேலைத்தளத் திறன் மதிப்பீட்டில் பரீட்சார்த்தி தேர்ச்சியடைந்தவராகக் கருதப்படுகிறார் என்று எழுதியிருந்தது. கருதப்படுகிறார் என்றால் என்ன, பாஸா பெயிலா என்று கத்தரினா கேட்டாள். “அவங்களிட்ட அதுக்கு மேல ஒண்டும் இல்ல அம்மா,” என்றாள் அஜித்தா. அவள் இப்போதும் சங்கத்தில்தான் கணக்கு எழுதுகிறாள், சான்றிதழோடு.

இதைப் பற்றி ஆலங்குடாவிலும் கல்பிட்டியிலும் ஒரு கதை உலாவுகிறது. பரீட்சைக்காக லோறன்ஸ் தன் சொந்தத் தங்கச்சி மகளை எனக்கு ஒரு உறவும் இல்லை என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தாராம். அது பிழை. லோறன்ஸ் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை. வைத்தவர்கள் மூன்று பேர், மூவரும் கொழும்பிலிருந்து வந்தவர்கள்.